7. நடிகர் தொழிற்சங்கத்தில் சேர்தல்

மலையகத்தில் வளர்ந்தவருக்குத் தொழிற்சங்கம் என்றால் என்னவென்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எல்கடுவையிலோ இரத்தோட்டையிலோ லயத்தில் பிறந்த பிள்ளைக்குச் சம்பளத்தில் சந்தா பிடிப்பதும், பிரச்சினை வந்தால் தலைவர் வீட்டு வாசலில் ஆட்கள் கூடுவதும் பழகிய காட்சி. தோட்டத்தில் பேர் பதிந்த கையோடு யாராவது சங்கப் படிவத்தை நீட்டுவார்கள். நாடகத்திலும் தொலைக்காட்சித் தொடரிலும் அப்படி யாரும் தேடி வரமாட்டார்கள். நீங்கள்தான் போய்த் தேடவேண்டும், விசாரிக்கவேண்டும். இல்லையென்றால் நீங்களே ஒன்றைத் தொடங்கவேண்டும்.

மாத்தளை மாவட்டத்திலிருந்து நடிக்க வருபவருக்கு இந்த வேலை இன்னும் கொஞ்சம் கூடுதல். வேலை பெரும்பாலும் கொழும்பில் கிடைக்கிறது. இங்கிருந்து போய் நாடகத்தில் பெயரெடுத்து, 1980இல் ‘அவள் ஒரு ஜீவநதி’ திரைப்படத்தைத் தயாரித்த மாத்தளை கார்த்திகேசுவின் காலத்திலும் நிலைமை இதுதான். தொழில் திணைக்களத்தின் தலைமையகமும் கொழும்பில், நாரஹேன்பிட்டியில். ஆகவே இந்த அத்தியாயத்தை ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டு, மாத்தளையிலேயே முடிக்கக்கூடியதை முடித்துக்கொண்டு பிறகு ரயில் ஏறுங்கள்.

முதலில்: நீங்கள் ‘தொழிலாளி’யா?

“நடிகன் கலைஞன், தொழிலாளி அல்ல” என்று உங்களிடம் சொல்பவர் அநேகமாக உங்களுக்குப் பணம் தரவேண்டியவராக இருப்பார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம் தொழிலாளி என்ற சொல்லுக்கு விரிந்த பொருள் கொடுக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கலாம், வாய்ப்பேச்சாகவும் இருக்கலாம். மாதச் சம்பள வேலையும் அதில் அடங்கும். ஒரு வேலையைத் தானே நேரில் செய்து தருவதாக ஒப்புக்கொள்வதும் அடங்கும். வழக்கமாக அப்படி வேலை செய்பவர் குறித்த நாளில் வேலையில்லாமல் இருந்தாலும் தொழிலாளிதான். ஒரு தொடர் முடிந்து அடுத்தது வரும்வரை வீட்டில் இருக்கும் நடிகருக்கு இந்தக் கடைசி வரி மிகவும் முக்கியம்.

எல்லா நடிப்பும் இதற்குள் வராது. மாசி மாதத்தில் உங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் மன்மதன் வேடம் கட்டுவது நேர்த்திக்கும் ஊருக்கும் செய்வது. அங்கே வேலை கொடுப்பவர் என்று ஒருவரும் இல்லை. அதே கூத்துக் குழுவை ஒரு விழாவுக்குக் கூலி பேசி அழைத்துப்போனால் அது தொழில். சீகிரியாவுக்கோ நக்கிள்ஸ் மலைக்கோ படப்பிடிப்புக் குழு வந்து, கூட்டத்தில் நிற்க ஊர் ஆட்களை நாட்கூலிக்கு எடுத்தால் அதுவும் தொழில். 1982இல் டுரான் டுரான் என்ற ஆங்கில இசைக்குழு தன் பாடல் ஒன்றைச் சீகிரியாக் குன்றின்மேல் படமாக்கியது. வெளிநாட்டுக் கேமராக்கள் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல.

16 வயது நிறையாதவர் தொழிற்சங்க அங்கத்தவராக முடியாது. அரச ஆசிரியராக இருந்துகொண்டு நடிப்பவர்கள் இரண்டு விடயங்களை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே ஊதியத்துக்கு வேலை செய்யத் தாபன விதிக்கோவைப்படி அனுமதி தேவை. அரச ஊழியர் சங்கங்களுக்குத் தனி விதிகளும் உண்டு. உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

படி 1: உங்கள் செக்ரோலை நீங்களே எழுதுங்கள்

தோட்டத்தில் உங்கள் பேர் செக்ரோலில், அதாவது வேலைநாள் பதிவில், ஏறும். முழுநாள் பேரா அரைப்பேரா என்பதில் சண்டை வந்தாலும் காட்டுவதற்கு ஒரு பதிவு இருக்கும். நடிகருக்கு அப்படி ஒரு புத்தகத்தை எவரும் வைத்திருப்பதில்லை. அங்கத்துவம் கேட்கும்போது “தொழில்முறை நடிகர் என்பதற்கு ஆதாரம் என்ன?” என்ற கேள்வி வரும். பிறகு ஒருநாள் சம்பளத் தகராறில் சங்கம் உங்களுக்காகப் பேசப்போனால் அங்கேயும் இதே கேள்விதான். இரண்டுக்கும் ஒரே கொப்பி போதும்.

1. தடித்த அட்டைக் கொப்பி ஒன்று வாங்கிப் பக்கங்களுக்கு இலக்கமிடுங்கள். தாள் கழற்றிச் செருகும் கோப்பு வேண்டாம். இடையில் சேர்த்தது என்று சொல்ல இடம் கொடுக்கும்.
2. ஒவ்வொரு வேலைக்கும் எழுதவேண்டியவை: திகதி, இடம், அழைத்தவர், தயாரிப்பு நிறுவனம், பாத்திரம், வரச்சொன்ன நேரம், விட்ட நேரம், பேசிய தொகை, கிடைத்த தொகை, மிச்சம்.
3. ஒத்திகை நாட்களையும் எழுதுங்கள். நாடகக்காரர்கள் அதிகம் விட்டுவிடுவது இதைத்தான். ஒரு மேடையேற்றத்துக்குப் பின்னால் மாதக்கணக்கில் ஒத்திகை இருக்கும்; கணக்கில் மேடையேறிய ஒரு நாள்தான் இருக்கும்.
4. நாடக அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல், சுவரொட்டி, பத்திரிகைச் செய்தி ஆகியவற்றில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைத் திகதியோடு எடுத்துவையுங்கள்.
5. வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளை அழிக்காதீர்கள். எண்ணும் திகதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பிவையுங்கள். போன் தொலைந்தாலும் ஆதாரம் தொலையாது.
6. பணம் கையில் கிடைத்தால் அன்றைக்கே “இன்று இவ்வளவு கிடைத்தது, நன்றி, மிச்சம் இவ்வளவு” என்று கொடுத்தவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். மரியாதையாகவும் இருக்கும், பற்றுச்சீட்டாகவும் இருக்கும்.

படி 2: எந்தச் ‘சங்கம்’ என்று பாருங்கள்

பெயரில் சங்கம் என்று இருப்பதெல்லாம் தொழிற்சங்கம் ஆகாது. சென்னையில் 1952இல் தொடங்கிய தென்னிந்திய நடிகர் சங்கத்தையே பாருங்கள். அது தமிழ்நாட்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. 2019 தேர்தல் சிக்கலில் சங்கப் பதிவாளர் தலையிட்டதும், ஜூனில் போட்ட வாக்குகளை 2022 மார்ச்சில்தான் எண்ண முடிந்ததும் நமக்கும் செய்தியாக வந்தது. அதன் அங்கத்துவ அட்டையைப்போல ஒன்று இங்கேயும் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு வருபவர்கள் அந்த எண்ணத்தை இப்போதே இறக்கி வைத்துவிடலாம்.

நம் பக்கத்தில் உங்கள் கண்ணில் படக்கூடிய அமைப்புகள் நான்கு வகை.

*கலை மன்றம்.* பிரதேச செயலகத்தின் கலாசார உத்தியோகத்தர் மூலம் பதிவாகியிருக்கும். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. உங்களுடையதில் கேட்டால் பட்டியல் கிடைக்கும். விழா, போட்டி, விருது, மண்டபம் ஆகியவற்றுக்கு உதவும். உங்கள் சம்பளத்துக்காக யாரோடும் பேரம் பேச அதற்குச் சட்ட நிலை இல்லை.

*நலன்புரிச் சங்கம்.* மரண உதவி, மருத்துவ உதவி கிடைக்கும். நல்ல விடயம், சேருங்கள். தொழிற்சங்கமாக மட்டும் நினைக்காதீர்கள்.

*கம்பனியாகப் பதிந்த அமைப்பு.* கம்பனிப் பதிவாளரிடம் பதிவாகியிருக்கும். ‘அகாடமி’, ‘கில்ட்’, ‘ஃபோரம்’ என்ற பெயரோடு வரும். சிலது நேர்மையானவை. சிலது பயிற்சி வகுப்பு விற்கும் கடைகள்.

*தொழிற்சங்கம்.* தொழிற்சங்கப் பதிவாளரிடம், அதாவது தொழில் திணைக்களத்தில், பதிவாகியிருக்கும். தொழில் பிணக்கில் உங்களுக்காக நிற்கவும், கூட்டு நடவடிக்கைக்குச் சட்டப் பாதுகாப்புப் பெறவும் இந்தப் பதிவு தேவை.

அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் சாக்-அஃப்ட்ரா என்ற நடிகர் தொழிற்சங்கம் 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து ஹொலிவூட்டை நிறுத்தியது. அங்கே பெரிய தயாரிப்பு நிறுவனங்கள் சங்கத்தோடு ஒப்பந்தம் செய்திருப்பதால் அட்டைக்கு அந்தக் கனம். இலங்கையில் அட்டை இல்லாதவர் நடிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. அட்டை காட்டி வேடம் வாங்கலாம் என்று எதிர்பார்த்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான். நடித்த வேலைக்குக் காசு வராமல்போகும்போதுதான் அதன் பயன் தெரியும்.

படி 3: பதிவைச் சரிபாருங்கள்

சேருமுன் அமைப்பின் செயலாளரிடம் மூன்றைக் கேளுங்கள்: பதிவுச் சான்றிதழின் பிரதி, யாப்பின் பிரதி, கடைசியாகத் திணைக்களத்துக்கு அனுப்பிய வருடாந்த அறிக்கையின் பிரதி. பதிவுபெற்ற ஒவ்வொரு தொழிற்சங்கமும் ஆண்டுதோறும் கணக்கறிக்கை சமர்ப்பிக்க வேண்டும். எப்போதோ பதிந்துவிட்டு அறிக்கை அனுப்பாமல் கிடக்கும் சங்கம் பதிவை இழக்கக்கூடும். ஆகவே பழைய சான்றிதழைச் சட்டம்போட்டு மாட்டியிருப்பதை மட்டும் பார்த்து நம்பவேண்டாம்.

செயலாளர் தரத் தயங்கினால் சண்டை பிடிக்காதீர்கள். மாத்தளை தொழில் அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். அங்கும் தெளிவான பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொழில் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுங்கள். சங்கத்தின் பெயர், பதிவு இலக்கம் தெரிந்தால் அது, பதிவு இப்போது செல்லுபடியாகிறதா, கடைசி அறிக்கை எந்த ஆண்டுக்கு என்ற நான்கு வரி போதும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.

குறிப்பு: விண்ணப்பத்தைத் தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். அது சலுகையாகத் தருவது அல்ல, அரசியலமைப்பு தந்தது. “சிங்களத்தில் எழுதினால் சீக்கிரம் முடியும்” என்று கருமபீடத்தில் சொல்வார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அவசரமில்லையென்றால் தமிழிலேயே கொடுத்துப் பழகுவது நமக்குப் பின்னால் வருபவருக்கு நல்லது.

படி 4: யாப்பை வாசியுங்கள்

சந்தாத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். கீழே உள்ள இடங்களில் நின்று வாசியுங்கள்.

- அங்கத்துவம் யாருக்கு? தயாரிப்பாளரும் இயக்குநரும் வாக்குரிமையோடு உள்ளே இருந்தால், உங்களுக்குக் காசு தராதவரே உங்கள் முறைப்பாட்டை விசாரிக்கும் குழுவில் அமர்ந்திருக்கலாம்.
- எத்தனை மாதம் சந்தா நின்றால் வாக்குரிமை போகும்? எத்தனை மாதத்தில் அங்கத்துவமே போகும்? நடிகரின் வருமானம் விட்டுவிட்டு வருவது. இதற்குச் சலுகை இருக்கிறதா என்று பாருங்கள்.
- கணக்குப் புத்தகத்தை அங்கத்தவர் பார்க்கலாம் என்ற பிரிவு இருக்கிறதா? பதிவுபெற்ற சங்கத்தின் யாப்பில் அது இருந்தே ஆகவேண்டும்.
- பொதுக்கூட்டம் எங்கே, எத்தனை நாள் முன்னறிவித்தலோடு? எல்லாக் கூட்டமும் கொழும்பில் வாரநாள் மாலையில் என்றால், மாத்தளைக்காரர் சந்தா கட்டலாம், வாக்களிக்க முடியாது.
- ஏற்கெனவே தோட்டத் தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் இரட்டை அங்கத்துவத்தை இரண்டு யாப்பும் அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: விண்ணப்பித்தல்

1. தேசிய அடையாள அட்டையின் பிரதி, இரண்டு புகைப்படம், கொப்பியில் கடைசிப் பன்னிரண்டு மாதப் பக்கங்களின் பிரதி, வேலை செய்த இரண்டு இடங்களிலிருந்தாவது கடிதம். கடிதம் கிடைக்காவிட்டால் உங்கள் பெயர் உள்ள நிகழ்ச்சி நிரல்.
2. அடையாள அட்டைப் பிரதியின் குறுக்கே “சங்க அங்கத்துவ விண்ணப்பத்துக்கு மட்டும்” என்று எழுதித் திகதி போடுங்கள். மூல அட்டையை யாரிடமும் விட்டுவிட்டு வரவேண்டாம்.
3. படிவத்தில் வெற்றிடம் விடாதீர்கள். பொருந்தாத இடத்தில் கோடு இழுங்கள்.
4. பணத்தைச் சங்கத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் கட்டுங்கள். தனியாளின் கணக்கு இலக்கம் தந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.
5. இலக்கமிட்ட பற்றுச்சீட்டு வாங்குங்கள். முழுவதையும் பிரதி எடுத்துவிட்டு, பதிவுத் தபாலில் அனுப்புங்கள் அல்லது நேரில் கொடுத்து உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட கையெழுத்து வாங்குங்கள்.
6. நிர்வாகக் குழு உங்களைச் சேர்த்துக்கொண்ட கூட்டத்தின் திகதியைக் கேட்டு எழுதிவையுங்கள். பிணக்கு வந்தால் “அப்போது இவர் அங்கத்தவரே இல்லை” என்ற பேச்சு வரும்.

சேர ஒன்றும் இல்லையென்றால்: ஏழு பேர்

தேடிப் பார்த்தும் உங்களுக்குப் பொருந்தும் சங்கம் கிடைக்கவில்லையா? நம் ஊர்ப்பக்கத்தில் தொழிற்சங்கமும் நாடகமும் முன்பே கைகோத்தவைதான். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசையர் நாடகமும் எழுதினார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் பாடிக் கூட்டம் சேர்த்தார். அவர்கள் காலத்தில் துரையின் கண்ணுக்குத் தப்பித் தோட்டத்துக்குள் நுழைவதே பெரும்பாடு. இன்றைக்குச் சட்டப்படி 7 பேர் கையெழுத்திட்டால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

1. ஏழுக்குச் சற்றுக் கூடுதலாகச் சேருங்கள். ஒருவர் வெளிநாடு போய்விட்டால் வேலை நிற்கக்கூடாது. உக்குவளை, இரத்தோட்டை, தம்புள்ளை, கண்டி என்று ஆட்கள் பரந்திருப்பது நல்லது. சிங்கள நடிகர்களையும் கேளுங்கள். காசு வராமல்போவதில் மொழி பேதம் இல்லை.
2. ஆரம்பக் கூட்டம் கூட்டி, தீர்மானத்தைத் திகதியோடு கூட்டறிக்கையில் எழுதுங்கள். அந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிடுவதுதான் புதுச் சங்கங்கள் செய்யும் முதல் பிழை. யாப்புத் தயாராகும்வரை தொடக்கத் தீர்மானத்தை நிறைவேற்றாமல், முதல் சந்திப்புகளை வெறும் கலந்துரையாடலாக வைத்துக்கொண்டால் அவசரம் இராது.
3. யாப்பை எழுதுங்கள். பெயர், நோக்கம், நிதியை எதற்குச் செலவிடலாம், பதவியாளரைத் தெரிவதும் நீக்குவதும், கணக்காய்வு, கணக்கைப் பார்க்கும் உரிமை, யாப்பை மாற்றும் முறை, கலைக்கும் முறை ஆகியவை அதில் இருக்கவேண்டும். வேறு சங்கத்தின் யாப்பைப் பெயர் மட்டும் மாற்றி எடுத்தால் ‘தோட்டத் துரை’ என்ற சொல் எங்காவது ஒரு மூலையில் மிஞ்சி நிற்கும்.
4. விண்ணப்பப் படிவத்தோடு யாப்பையும், அங்கத்தவர்களின் பெயர், தொழில், முகவரியையும், பதவியாளர் விபரத்தையும் இணையுங்கள். தொழில் என்ற இடத்தில் ‘நடிகர்’ என்றே எழுதுங்கள். ‘கலைஞர்’, ‘சமூக சேவகர்’ என்று எழுதினால் விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்ப இடமுண்டு.
5. பதிவு கிடைக்குமுன் சங்கத்தின் பெயரில் வேலைநிறுத்தம், பகிஷ்கரிப்பு எதுவும் வேண்டாம். சட்டம் தரும் பாதுகாப்பு பதிவுபெற்ற சங்கத்துக்குத்தான்.

ஒரு நிறுவனம் உங்களோடு பேச மறுக்கலாம். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 1999ஆம் ஆண்டுத் திருத்தம், எந்தத் தொழிலாளருக்காகச் சங்கம் பேசுகிறதோ அவர்களில் 40 வீதத்தினராவது அதன் அங்கத்தவராக இருந்தால் வேலைகொள்வோர் பேச மறுக்கக்கூடாது என்கிறது. ஆகவே நாட்டிலுள்ள நடிகர் எல்லாருக்குமாகக் கேட்டுத் தொடங்காதீர்கள். ஒரு தயாரிப்பில் வேலை செய்யும் இருபது பேருக்காகக் கேளுங்கள். அவர்களில் எட்டுப் பேர் உங்கள் ஆட்கள் என்றால் எண்ணிக்கை நிறைந்துவிடும். சங்கத்தில் இருப்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதையும் அதே திருத்தம் தடைசெய்கிறது.

கையெழுத்துப் போடுமுன்

சங்கத்தில் சேர்ந்த பிறகும் ஒப்பந்தத்தை நீங்கள்தான் வாசிக்கவேண்டும். திரையில் நடிப்பவர் கவனிக்கவேண்டியது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். மேடை நடிப்பை உங்கள் அனுமதியின்றிப் பதிவுசெய்யவோ ஒளிபரப்பவோ முடியாது என்று 17ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆனால் உங்கள் நடிப்பைப் படத்திலோ தொடரிலோ சேர்க்க ஒருமுறை சம்மதித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு அதற்குமேல் பொருந்தாது. மறு ஒளிபரப்பு, யூடியூப், வேறு மொழி டப்பிங் எல்லாவற்றுக்கும் பிறகு காசு வேண்டுமென்றால் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாததைச் சங்கம் வந்து மீட்டுத் தராது.

மாதச் சம்பளத்துக்கு ஒரு நிறுவனம் எடுத்தால் ஊழியர் சேமலாப நிதியத்துக்கு உங்கள் பங்கு 8 வீதம், அவர்கள் பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 3 வீதம் முழுவதும் அவர்கள் பொறுப்பு. ‘சுயாதீனக் கலைஞர்’ என்று கடிதத்தில் எழுதிவிட்டு, தினமும் எட்டு மணிக்கு வரச்சொன்னால் அந்தக் கடிதத்தைச் சங்கச் செயலாளரிடம் காட்டுங்கள்.

பாதுகாப்பு

- “ஐயாயிரம் தாங்க தம்பி, நடிகர் அட்டை எடுத்துத் தாறேன்” என்று போனில் பேசுகிறவருக்குப் பணம் அனுப்பாதீர்கள். படி 3ஐ முடிக்காமல் எவருக்கும் காசு வேண்டாம்.
- வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போடாதீர்கள். தொகையை நீங்களே எழுத்திலும் எண்ணிலும் நிரப்புங்கள்.
- கொழும்பில் இரவுப் படப்பிடிப்பு என்றால், மாத்தளைக்குத் திரும்பும் வழியும் தங்குமிடமும் அழைப்புச் செய்தியிலேயே வரும்படி கேளுங்கள். நடிகைகள் துணையாக ஒருவரை அழைத்துவரும் உரிமையையும் அதில் எழுதிக் கேட்கலாம். தயங்கவேண்டாம், ஒழுங்கான தயாரிப்பாளர் மறுக்கமாட்டார்.
- பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஆனால் “உள்ளுக்குள் பேசித் தீர்ப்போம்” என்ற பேச்சுக்காகப் பொலிஸ் முறைப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.
- வேலையிடத்தில் காயம்பட்டால் அன்றே அரச வைத்தியசாலையில் காட்டி, காயம் எப்படி ஏற்பட்டது என்பதைப் பதியச் சொல்லுங்கள். நட்டஈடு கேட்கும்போது முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.

விலகுவதென்றால்

யாப்பில் சொன்ன முன்னறிவித்தலோடு கடிதம் கொடுங்கள். அந்த மாதம்வரை சந்தாவைத் தீர்த்து, நிலுவை இல்லை என்று எழுதிய கடிதம் வாங்குங்கள். சந்தாவை நிறுத்தினால் தானாக விலகியதாகிவிடும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு இன்னொரு சங்கத்தில் விண்ணப்பிக்கும்போது பழைய நிலுவை எழும்பிவரும். உங்களுக்காக ஒரு முறைப்பாடு நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை விலகாதீர்கள். கொப்பி உங்களுடையது, அதைச் சங்கத்திலும் கொடுத்துவிட்டு வரவேண்டாம், பிரதி மட்டும் கொடுங்கள்.